எடைக்கருவியும் பயிற்சியாளரும்: மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றில் உடற்படிமம்

விளையாட்டு வீரர் தம் உடலைப் பற்றி மனத்தில் கொண்டிருக்கும் வடிவத்தை ‘உடற்படிமம்’ என இக்கட்டுரை சுட்டுகிறது. ‘உடல்தோற்றம்’ என்னும் சொல் ஈண்டுப் பொருந்தாது. தோற்றம் பிறர் காண்பது, படிமம் தாமே காண்பது. இப்படிமம் உளவியலுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு வரலாறும் உண்டு என்பதை மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் துறைகொண்டு காணலாம்.

1956, 1960 ஆகிய ஒலிம்பிக் போட்டிகளின் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் வென்ற சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினா முறையே 21, 25 வயதினர். 1968இல் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கு வயது 26. எட்டே ஆண்டுகளில் நிலை மாறியது. 1976இல் மான்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுமதிப்பெண் பெற்று வென்றபோது அவருக்கு வயது 14. சிறிய உடல் காற்றில் எளிதாகச் சுழலும் என்பது உண்மையே. எனினும், இம்மாற்றத்திற்கு இயற்பியலை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. வளர்ந்த பெண் மறுத்துப் பேசக்கூடும். சிறுமி பெரும்பாலும் பேசமாட்டாள். பயிற்சியாளரின் அதிகாரத்திற்கு இசைந்த உடலே அழகிய உடலாகவும் கொள்ளப்பட்டது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பன்னாட்டுக் கூட்டமைப்பு குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. ஆயினும் பருவமெய்தாத உடலின் வடிவத்தையே பதினாறு வயதினரிடமும் எதிர்பார்க்கும் மனப்பாங்கை வயது வரம்பால் மட்டும் நீக்க இயலவில்லை.

அதன் விலையை அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச் வாழ்வில் காண்கிறோம். 1988இல் நடுவர் ஒருவர் அவரை எடை குறைக்குமாறு கூறியதாகச் செய்தியேடுகள் பதிவு செய்துள்ளன. உணவை மறுக்கும் நோய்க்கு ஆளான அவர் 1994இல், 22ஆம் வயதில், உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்தார். ஒரு சொல் மட்டுமே கொன்றது எனக் கூறுதல் மிகை. அச்சொல் விழுந்த நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது எனலாம்.

மருத்துவத் துறை இதனைத் தனிமனிதக் குறையாகக் கருதாமல் விளையாட்டுச் சூழலோடு இணைத்துக் காணத் தொடங்கியது 1990களில்தான். உணவுக் கோளாறு, மாதவிடாய் நின்றுபோதல், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றின் தொடர்பை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1997இல் அறிக்கையாக வெளியிட்டது. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஆடவரையும் உள்ளடக்கி அக்கருத்தை விரித்தது.

பயிற்சிக்கூட நடைமுறை மாறுவதற்கு மேலும் காலம் பிடித்தது. பிரித்தானிய ஜிம்னாஸ்டிக்ஸ் குறித்து 2022இல் வெளியான வைட் ஆய்வறிக்கை, பிறர்முன் எடைபார்த்தலையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கொடுமைகளாகவே பதிவு செய்தது. அடுத்த ஆண்டில் அந்நாட்டுக் கூட்டமைப்பு, பயிற்சியாளர் வீரர்களை எடைபார்த்தலைத் தடைசெய்தது. தகுதிபெற்ற மருத்துவ அல்லது விளையாட்டறிவியல் வல்லுநர், உரிய ஒப்புதலுடன் மட்டுமே அதனைச் செய்யலாம். அறிவுரைகள் பல வழங்கப்பட்ட துறையில் எடைக்கருவியே கைமாறியது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

2024 பாரிசில் இதே பிரிவில் வென்ற சிமோன் பைல்ஸுக்கு வயது 27. 1952க்குப் பின் இவ்வளவு வயதில் எவரும் அப்பட்டத்தை வென்றதில்லை. அவரும் உயரத்தில் சிறியவரே; ஆயின், அவருடைய தசைவலிமை மிக்க உடல் 1976இன் இலக்கணத்துள் அடங்குவதன்று.