குவிமாடமும் குவாட்டர்ஸும்

கோலாலம்பூரில் பார்த்தவுடன் இந்தியா ஞாபகத்துக்கு வரும் கட்டடம் எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கோயில்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் டத்தாரான் மெர்டேக்காவுக்கு எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைத்தான் சொல்வார்கள். செம்புத் தகடு வேய்ந்த குவிமாடங்கள், குதிரை லாட வடிவ வளைவுகள், சிவப்புச் செங்கலும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி ஓடும் சுவர், நடுவில் 41 மீட்டர் உயர மணிக்கூண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று, "எங்க ஐகோர்ட்டு மாதிரியே இருக்கே" என்பார்கள். அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை.

சென்னை உயர்நீதிமன்றம் 1892இல் கட்டி முடிக்கப்பட்டது. கோலாலம்பூர்க் கட்டடத்துக்கு அடிக்கல் 1894இல், திறப்பு 1897இல். சிலாங்கூர் அரசாங்க அலுவலகமாகக் கட்டப்பட்ட அதற்கு சுல்தானின் பெயர் வந்தது 1974இல்தான். கட்டடக் கலைஞர் என்று ஏ. சி. நார்மன் பெயரைப் போடுவார்கள். வரைபட வேலையில் ஆர். ஏ. ஜே. பிட்வெல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தோற்றத்தை முடிவு செய்தவர் மாநிலப் பொறியாளர் சி. இ. ஸ்பூனர். நார்மன் முதலில் கொடுத்த ஐரோப்பியச் செவ்வியல் பாணிப் படத்தை அவர் ஏற்கவில்லை. முஸ்லிம் சுல்தானின் மாநிலம், அதற்கு முகமதிய பாணிதான் பொருந்தும் என்பது அவர் வாதம்.

ஸ்பூனர் இங்கே வருமுன் இலங்கைப் பொதுப்பணித் துறையில் பல வருடம் இருந்தவர். கீழை நாட்டுக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆங்கிலேயப் பொறியாளர்களிடம் அப்போது ஓர் அச்சு தயாராக இருந்தது. ராபர்ட் சிசம் மதராஸ் செனட் ஹவுஸைக் கட்டிய அச்சு. இந்தோ-சராசனிக் என்று பெயர். முகலாயக் குவிமாடம் கொஞ்சம், மூரிய வளைவு கொஞ்சம், உள்ளே வழக்கமான ஆங்கிலேய அலுவலகம். மலாய்க்காரர்கள் மரத்தூண்மேல் பலகை வீடு கட்டியவர்கள், அவர்களுக்கும் அந்தக் குவிமாடத்துக்கும் சம்பந்தம் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்களுக்கும் இல்லை.

நான் சிவில் எஞ்சினியர். நான்கு வருடப் படிப்பில் கட்டட வரலாறு என்று ஒரு பாடம்கூட எனக்கு இருந்ததில்லை. ஊரைச் சுற்றிச் சுற்றித்தான் கொஞ்சம் புரிந்தது. அப்படிப் புரிந்ததில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல நினைக்கிறேன். இந்த ஊரில் இந்தியத் தோற்றம் கொண்ட பெரிய கட்டடங்கள் நம்முடையவை அல்ல. நம்மவர்கள் உண்மையில் வாழ்ந்த கட்டடங்களுக்கு இந்தியத் தோற்றமே கிடையாது. எதைக் காப்பது, எதை இடிப்பது என்ற கேள்வி வரும்போது இந்தச் சின்ன விஷயம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது.

அரசுகள் இப்படித் தோற்றத்தை இரவல் வாங்குவது நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. தஸ்தயேவ்ஸ்கி வழியாக நம்மில் பலர் நடந்து பழகிய பீட்டர்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1703இல் தொடங்கிய அந்த நகரத்துக்கு ஐரோப்பிய முகம் வேண்டும் என்று த்ரெசினி, ரஸ்த்ரெல்லி போன்ற கலைஞர்களைக் கொண்டு வரையவைத்தார்கள். 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் அங்கே குண்டு வீசிக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் 1883இல் தொடங்கி 1907இல் முடித்த தேவாலயமோ பழைய மாஸ்கோ பாணியில், வெங்காயக் குவிமாடங்களோடு நிற்கிறது. மன்னராட்சி ஆட்டம் கண்டதும் "நாங்கள் அசல் ரஷ்யர்கள்" என்று காட்டிக்கொள்ளும் அவசரம் அது. ஆனால் ரஸ்கோல்னிகோவ் குடியிருந்தது அரண்மனையிலா? கூரையை ஒட்டிய ஒரு வாடகை அறையில். இல்லாத மனிதன் குடியிருந்த வீடு இதுதான் என்று அந்த ஊரில் ஒரு கட்டடத்தில் அடையாளம் பதித்தே வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை.

அதே 1881இல்தான் கோலாலம்பூர் முதலில் தீயில் வெந்தது, பிறகு வெள்ளத்தில் மூழ்கியது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர். அடுத்த வருடம் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்று உத்தரவு போட்டார். ஊருக்குத் தெற்கே களிமண் வெட்டிச் சூளை போட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. கோலாலம்பூர் கல்லூராக மாறியதற்கு அந்தப் பெயர்தான் சாட்சி. ஆனால் இன்று அங்கே போகிறவர்களுக்குச் செங்கல் ஞாபகம் வராது. வாழையிலையும் பூமாலையும்தான் வரும்.

1886இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் கொல்லைப்புறம் ஆனது: பட்டறை, யார்டு, ஊழியர் குடியிருப்பு. ஸ்பூனரே 1901இல் கூட்டு மலாய் மாநில ரயில்வேக்குப் பொது மேலாளராகப் போனார். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் கிராணிகளாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். தண்டவாளத்தில் கல் கொட்டிய வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இரண்டு கூட்டமும் பேசியது தமிழ்தான். ஆனாலும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

1910இல் எழுந்த பழைய ரயில் நிலையம் ஏ. பி. ஹப்பேக் வரைந்தது. முந்தைய வருடம் முடிந்த மஸ்ஜித் ஜாமேக்கும் அவர் கைவரிசைதான். அந்த ஸ்டேசன் கூரையைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. இங்கிலாந்து விதிப்படி பனிச்சுமையைத் தாங்கும் அளவுக்குக் கட்டச் சொன்னார்களாம். கேட்கச் சுவையாக இருக்கிறது, நான் நம்பவில்லை. வெள்ளைக்காரன் சிக்கனக்காரன், பெய்யாத பனிக்கு இரும்பு வாங்கியிருக்க மாட்டான். எப்படியோ, அந்த வெள்ளைக் கூம்புகளும் குடைகளும் இன்றும் நிற்கின்றன. சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 2007இல் தேசிய பாரம்பரியச் சின்னமாகவே ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அருமையான கொத்து வேலை, நிற்கட்டும்.

ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்தான் நிற்கவில்லை.

ஜாலான் ரொசாரியோவுக்கும் ஜாலான் சான் ஆ தோங்குக்கும் இடையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே, அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் அவை. பெயரே எண்ணிக்கையைச் சொல்லிவிடும். இரண்டு மாடி, ஓட்டுக் கூரை, வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். அலங்காரம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பொதுப்பணித் துறை அதிகாரி ஒருவர் எந்தக் காலனிக்கும் எந்த ஊழியருக்கும் வரைந்திருக்கக்கூடிய சாதாரணப் படம். வளைவு இல்லை, குவிமாடம் இல்லை, தாமரை இல்லை. கண்ணுக்குத் தெரிந்த இந்தியா எல்லாம் குடியிருந்தவர்கள் கொண்டுவந்து வைத்தது: வாசலில் கோலம், நிலையில் மாவிலை, கொடியில் வேட்டி.

ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், அப்படிப்பட்ட வீட்டின் படம் ஒரு பேரேடு மாதிரி. காலனி அரசில் குவாட்டர்ஸ் என்பது உத்தியோகத்தோடு கட்டிய அளவுகோல். துரைக்குக் குன்றின்மேல் பங்களா, கிராணிக்குச் சமவெளியில் வரிசை வீடு, கூலிக்கு அதற்கும் கீழே லயம். யார் எத்தனை அடி அகலத்தில் தூங்கலாம், எவ்வளவு காற்று வாங்கலாம் என்பதைச் சம்பளப் பட்டியல் தீர்மானித்தது. மணிக்கூண்டைப் பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது. குவாட்டர்ஸைப் பார்த்தால் தெரியும். 2010களின் நடுவில் அவற்றை இடித்துவிட்டார்கள்.

2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றைப் பாரம்பரியம் என்று ஏற்க அழகு மட்டுமே அளவுகோல் இல்லை. சமூகத் தொடர்பும், ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக இருப்பதும் கணக்கில் வரும். ஆக, சட்டத்தில் இடம் இருந்தது, பார்க்கும் கண்ணில்தான் இல்லை. நம் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் அதே காலகட்டத்தில் விவேகானந்தா ஆசிரமத்துக்கு நடந்தது வேறு. இலங்கைத் தமிழர்கள் 1904இல் தொடங்கிய ஆசிரமம் அது. 2014இல் அந்த வளாகத்தில் உயர்மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் ஊரே திரண்டது. கையெழுத்து, கூட்டம், பத்திரிகை என்று பல முனைகளில் எதிர்ப்பு. கட்டடம் தப்பித்தது, நல்லது. அந்தக் கட்டடத்தின் முகமும் கோயில் மாதிரி இருக்காது, காலனி காலத்து நகர மண்டபம் மாதிரிதான். ஆனால் அதன் வாசலில் 1971இலிருந்து விவேகானந்தர் சிலையாக நிற்கிறார். குவாட்டர்ஸ் வாசலில் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது.

இன்னொரு பக்கம், பிரிக்பீல்ட்ஸுக்கு 'இந்தியா'வைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் வேலையும் நடந்தது. 2001இல் பழைய ரயில் யார்டு இருந்த நிலத்தில் கேஎல் சென்ட்ரல் திறந்தது. 2010 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள், நஜிப்பும் மன்மோகன் சிங்கும், லிட்டல் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். சாலையோரம் வண்ண வளைவுகள், யானைச் சிற்பங்களோடு நீரூற்று. 2015 நவம்பரில் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். இந்திய அரசின் பரிசு, சாஞ்சி ஸ்தூபியின் தோரணத்தைப் பார்த்துச் செய்தது. வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் மத்தியப் பிரதேசத்துப் பௌத்தச் சின்னத்துக்கும் ரயில்வே தமிழருக்கும் என்ன உறவு? பௌத்தம்தான் வேண்டும் என்றால், ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய மகா விகாரை இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில், தமிழ் லூத்தரன் தேவாலயம், சீனரின் சாம் கோவ் தோங். உண்மையான பிரிக்பீல்ட்ஸ் அந்த நெரிசல்தான். நூறு வருடத்து வீடுகளை இடித்துவிட்டு இரண்டாயிரம் வருடத்து வாசலின் நகலை நட்டுவைப்பதை என்னவென்று சொல்வது!

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயில் 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது. அந்த ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அதற்கு நூற்றைம்பது வயது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 1887இன் செங்கல் கட்டடத்தை எடுத்துவிட்டு எழுப்பிய இப்போதைய கோயில் முடிந்தது 1968இல், கோபுரம் அதற்கும் பின்னால். கும்பாபிஷேகம் 1973. அதாவது அந்தக் கோபுரம், பக்கத்துத் தெருக்களில் பெயிண்ட் உரிந்து கிடக்கும் கடைவீடுகள் பலவற்றைவிட வயதில் சின்னது. கோயில் உயிரோடு இருப்பதால் புதுப்பிக்கிறோம், அது நம் மரபு, சரி. ஆனால் எது பழமையாகத் தெரிகிறதோ அதுதான் பழமை என்று நாமும் பழகிவிட்டோம். தம்புசாமிப் பிள்ளை பார்த்த கோயில் எப்படி இருந்தது என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

இதுவரை பேசியதெல்லாம் ஏதோ ஒரு சுவரை விட்டுச் சென்றவர்களைப் பற்றி. கிராணிக்குக் குவாட்டர்ஸாவது கிடைத்தது. தோட்டத்து ஆட்களின் லயம் பலகையும் தகரமும். தோட்டம் கைமாறினால் ஒரே வாரத்தில் தடம் தெரியாமல் போய்விடும்.

கிள்ளானைப் பாருங்கள். 1857இல் ராஜா அப்துல்லா கட்டிய ஈயக் கிடங்கு அங்கே இருக்கிறது, வரலாற்றுச் சின்னம். அதே வட்டாரத்தில் 1941இல் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்து ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடையை மூடுவது என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு வருடம் கழித்து, 1949 மே 4 அன்று, தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1895இல் முடிந்த அந்தச் சிறையை 2010இல் இடிக்கத் தொடங்கி, இன்று அந்த இடத்தில் ஷாப்பிங் மால். வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வளைவுகளுக்கு இந்த ஊரில் எப்போதும் நல்ல யோகம்.

லயம் போய், பால்மரம் போய், தோட்டத்தின் பெயரும் போன பிறகு பல இடங்களில் மிஞ்சுவது ஒரு சின்ன மாரியம்மனோ முனியாண்டியோ மட்டும்தான். புதிதாக டபுள் ஸ்டோரி வாங்கிக் குடிவந்தவருக்கு அது தாமான் நடுவில் அனுமதி இல்லாமல் முளைத்த கோயில். வந்தது கோயிலா, தாமானா என்று காட்ட அந்தத் தகரக் கொட்டகையில் கல்வெட்டா இருக்கிறது? ஆடி மாதத் திருவிழாவுக்கு மட்டும், வெவ்வேறு ஃப்ளாட்டுகளுக்குச் சிதறிப்போன பழைய தோட்டத்து ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒரு பாட்டியைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். கோயில் வாசலில் நின்றபடியே கையை நீட்டி அளந்துவிடுவார்: "அந்தக் கார்பார்க்கு இருக்குல்ல, அதுதான் பெரட்டுக்களம். செவன் இலெவன் பக்கம் ஆயாக் கொட்டகை. லயம் இந்த மேட்டுல இருந்து ரோடு வரைக்கும் போகும்பா, எங்க வீடு மூணாவது."