நஞ்சு நீரும் இரும்புத் துகளும்

வங்கச் சமவெளி, கங்கையும் பிரமபுத்திரையும் இமயத்திலிருந்து கொணர்ந்து குவித்த வண்டலால் ஆயது. அவ்வண்டலின் மணற்பரல்களைப் போர்த்திருந்த இரும்புத் துருவில் ஆசனிக்கு என்னும் நஞ்சு ஒட்டிக் கிடந்தது. துரு அதனைப் பற்றியிருந்த வரையில் தீங்கில்லை. ஆயின், ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைத்தவிடத்து, நஞ்சு நிலத்தடி நீரிற் கலந்தது.

இதனை அறியாமலே அந்நீர் மக்களுக்கு வழங்கப்பட்டது. குளத்து நீரைப் பருகி வாந்திபேதிக்கு இரையாவோரைக் காக்கும் நன்னோக்குடன், 1970ஆம் ஆண்டுகளிற் பங்களாதேசத்தில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணையோடு குழாய்க் கிணறுகள் பெருந்தொகையாக நிறுவப்பட்டன. நீர் தெளிவாயிருந்தது, நோய்க் கிருமிகளும் அருகின. ஆசனிக்கு உண்டோவெனச் சோதித்தாரிலர். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்திலும், 1993இற் பங்களாதேசத்திலும் உண்மை புலனாயிற்று. 3½ கோடி முதல் 7 கோடியே 70 இலட்சம் வரையிலான மக்கள் இவ்வாபத்துக்கு உட்பட்டிருந்தனரென 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை மதிப்பிட்டது.

நஞ்சை விடுவித்த இரும்பே அதனை மீளப் பற்றவும் வல்லது. ஒரு பொருளை நுணுக்குந்தோறும் அதன் மேற்பரப்புப் பெருகும். மேற்பரப்புப் பெருகப் பெருக, அது பற்றும் நஞ்சும் பெருகும். ஆனால் அத்துணை நுண்ணிய துகள்களை நீரினின்றும் பிரித்தெடுப்பது எங்ஙனம்? இரும்பொட்சைட்டு வகையான காந்தக் கனிமமே இதற்கு விடையாயிற்று. 1963இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பப்பெல் என்பார், எடையற்ற வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் ஈர்க்கவெண்ணி, அக்கனிமத்தின் நுண்துகள்களைத் திரவத்தில் மிதக்கவிட்டார். அன்று விண்கலத்துக்கென எண்ணிய பொருள் பின்னர்க் குடிநீருக்கு உதவுவதாயிற்று.

மிகச் சிறிய துகள்களை ஈர்க்கப் பெருவலிக் காந்தம் வேண்டுமென்றே அறிஞர் கருதியிருந்தனர். 2006இல் அமெரிக்காவின் இறைசு பல்கலைக்கழகத்தில் யாவுசு, கொல்வின் முதலியோர் 12 நனோமீற்றர் அளவான துகள்களைச் சாதாரண காந்தத்தாலேயே பிரித்துக் காட்டினர். இலீற்றருக்கு 500 மைக்கிரோகிராம் ஆசனிக்கு இருந்த நீர், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த 10 மைக்கிரோகிராம் எல்லைக்கும் கீழே தூய்மையுற்றது. 2010இல் துருவையும் சமையலெண்ணெயையும் கொண்டே இத்துகளை ஆக்கும் முறையும் வெளியிடப்பட்டது.

எனினும் நஞ்சு அழிவதில்லை, துகளிலே தங்குகின்றது. அத்துகளைப் பாதுகாப்பாக அகற்றல் வேண்டும். இயற்கை நீரிலுள்ள பொசுபேற்றும் துகளின் மேற்பரப்பிற் போட்டியிட்டு இடங்கொள்ளும். ஆய்வுகூடத்து வெற்றி ஊர்க் கிணற்றடியை எட்டுதல் எளிதன்று. அங்கு முதலில் உதவியது எளிய சோதனையேயாம்: 2000ஆம் ஆண்டையடுத்துப் பங்களாதேசத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நஞ்சுள்ளவை செந்நிறமும் நல்லவை பசுநிறமும் பூசப்பெற்றன. கிணறு தோண்டிய காலத்தே அச்சோதனை நிகழ்ந்திருப்பின், தப்பிய உயிர்கள் பலவாயிருக்கும்.