பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் கல்பாக்கத்துப் பையனும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கோடியக்கரையில் கரண்டு சரியாக இல்லாத காலத்தில் கல்யாணம், கோயில் திருவிழா, கரையில் மீன் ஏலம் எல்லாவற்றுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குதான். ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பம்ப் அடித்து, மேண்டில் வெள்ளையாகப் பிடிக்கும்வரை சுற்றி நின்று பார்ப்போம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் தொட்டு நாசம் பண்ணுவாரே, அதே மேண்டில். அந்தக் காலத்து மேண்டிலில் இருந்தது பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. தோரியம் கதிரியக்கப் பொருள். எரிந்த மேண்டில் சாம்பலை ஊதி மூச்சில் இழுக்காமல் இருந்தால் சரி, மற்றபடி அதிலிருந்து வந்த கதிர்வீச்சு மிகக் குறைவு. பயப்பட வேண்டாம்.

அந்தத் தோரியத்துக்கும் நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூர், 1956-க்குப் பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டம். ஐரோப்பாவின் தெருவிளக்கு மேண்டில்களுக்காகத்தான் அந்த மணலை அள்ளினார்கள். அணுசக்தி என்ற பேச்சே அன்று கிடையாது.

கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்பதை மனிதர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். எடிசனின் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் டாலி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி, கருவி வேலை செய்கிறதா என்று தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டிப் பார்ப்பார். கை புண்ணாகி, புற்றாகி, இரண்டு கைகளையும் வெட்டி எடுத்தும் 1904-ல் இறந்துபோனார். எடிசன் பயந்து அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். பெயர் நிலைத்தது எடிசனுக்கு, டாலியை யாருக்குத் தெரியும்?

எவ்வளவு தாங்கலாம் என்று அளவு வைக்க 1928-ல் உலக அளவில் ஒரு குழு அமைந்தது. 1934-ல் நாளுக்கு 0.2 ராண்ட்ஜன் வரை பரவாயில்லை என்றார்கள். இன்றைய கணக்குப்படி ஏறக்குறைய பத்து நாளில் ஓராண்டுக்கான சராசரி அளவு தீர்ந்துவிடும்! 1950-களின் இறுதியில் அது ஆண்டுக்கு 50 மில்லிசீவெர்ட் ஆனது, 1990-ல் 20 ஆனது. நம் நாட்டில் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 100, எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. மண், காற்று, சோறு என்று இயற்கையாகவே உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 வருகிறது.

இதைக் கணக்குப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் 1942-ல் அமெரிக்காவின் சிகாகோவில், அணுகுண்டுத் திட்டத்தில்தான் தோன்றினார்கள். 'ஹெல்த் பிசிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது, ரகசியத்துக்கு வசதி. நம் நாட்டில் பம்பாய் டிராம்பேயில் அந்தப் பிரிவை வளர்த்தவர் ஏ.கே.கங்குலி. 1971-ல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் வந்தது. 1985-ல் இந்திரா காந்தி பெயர் பெற்றது, அதே ஆண்டு அக்டோபரில் அங்கே வேக ஈனுலையும் இயங்கத் தொடங்கியது.

இவ்வளவும் எழுதக் காரணம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் சொல்லமாட்டேன். அவன் அந்தப் பக்கம்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறான். போன மாசி மாதம் பெண் பார்த்து, பூ வைக்கும் வரை வந்த சம்பந்தம் நின்றுபோனது. "கதிர்வீச்சுல வேலை பார்க்கிற பையன், நாளைக்குப் புள்ள எப்படிப் பொறக்கும்?" என்று பெண் வீட்டார் கேட்டார்களாம். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் கோளாறு கூடியதாக இன்றுவரை தெரியவில்லை. குண்டு விழுந்த ஊரிலேயே நிலைமை இதுதான். இந்தப் பையனோ அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காப்பவன்.

அவன் வேலை என்ன என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நம் வகுப்புக் கணக்காகவே சொல்கிறேன். ஓரிடத்தில் மணிக்கு 2 மில்லிசீவெர்ட். ஒருவர் வாங்கலாம் என்று அனுமதித்தது 0.5. எவ்வளவு நேரம் உள்ளே நிற்கலாம்? 15 நிமிடம். பதினாறாவது நிமிடம் வெளியே வா என்று சொல்வதுதான் அவன் வேலை. சின்ன மூலமாக இருந்தால் இரண்டு மடங்கு தள்ளி நின்றாலே கால் பங்காகிவிடும். நேரம், தூரம், தடுப்பு, இந்த மூன்றுதான். ஊழியர் நெஞ்சில் ஒரு பட்டை அணிந்திருப்பார். அதற்குள் கால்சியம் சல்பேட் வில்லைகள். அவற்றைச் சூடாக்கினால் வாங்கிய கதிருக்கேற்ப வெளிச்சம் விடும், அதை அளந்து அவர் பெயரில் எழுதிவைப்பார்கள்.

ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்து எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில், குறைந்த கதிரியக்கக் கழிவு என்று நம்பி மாதிரி எடுக்க ஆட்கள் உள்ளே போனார்கள். ஒரு வால்வு பழுதாகி, அதில் வீரியமான கழிவு கலந்திருந்தது. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் மானிட்டரே இல்லை. மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆறு பேர் ஆண்டு வரம்பைப் பல மடங்கு மிஞ்சி வாங்கிவிட்டார்கள்.

ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்குப் பத்துக் கோரிக்கை எழுதியது. அதில் ஒன்று முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது. அவசரம் என்று சொல்லியே விதிகளைத் தாண்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பதில் இல்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள், சிலரை இடமாற்றம் செய்தார்கள். கடைசியில் செய்தி பத்திரிகைக்குப் போன பிறகுதான், இந்திய அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சு வாங்கிய விபத்துகளில் இதுவே மோசமானது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, ஊழியர்கள் அதிக ஆர்வத்தில் போனதுதான் காரணம் என்று அவர்கள் மேலேயே பழியும் போட்டது. இந்த ஒரு வரி எனக்கு இன்னும் ஆறவில்லை. மானிட்டர் வைக்காதது யார் ஆர்வம்?

ஆகவே பெண் வீட்டார் யாராவது இதைப் படித்தால், "கதிர்வீச்சுல வேலையா?" என்று கேட்காதீர்கள். "நீ நிறுத்துன்னு சொன்னா அங்கே நிறுத்துவாங்களா தம்பி?" என்று கேளுங்கள்.

அணு நிலையங்களிலோ, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, புற்றுநோய்ப் பிரிவுகளிலோ வேலை செய்யும் என் மாணவர்கள் இருந்தால், உங்கள் இடத்தில் அந்தப் பட்டையை ஒழுங்காகத் தருகிறார்களா என்று கீழே எழுதுங்கள்.