புற்றுநோய்க் காப்பீட்டின் வரலாறு

புற்றுநோய்க் காப்பீடு என்பது புற்றுநோய் என்ற ஒரே நோய்க்காக எடுக்கப்படும் துணைக் காப்பீடு ஆகும். பொது மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தை ஈடுசெய்கிறது. இதுவோ நோய் உறுதியானதும், அல்லது மருத்துவமனையில் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும், முன்பே ஒப்புக்கொண்ட தொகையைக் காப்பீடு எடுத்தவரிடமே கொடுக்கிறது. அந்தப் பணத்தை வாடகைக்கும் செலவிடலாம், மருந்துக்கும் செலவிடலாம். ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு உள்ளவர் இதற்கும் பணம் கட்டுவது தகுமா என்ற கேள்வி நெடுநாளாக இதைத் தொடர்ந்து வருகிறது.

தோற்றம்

ஒற்றை நோய்க் காப்பீடு புற்றுநோயில் தொடங்கவில்லை. 1950களின் முற்பகுதி வரை அமெரிக்காவில் கோடைதோறும் இளம்பிள்ளைவாதம் பரவியது. பெற்றோரின் அச்சத்தை நம்பி அந்நோய்க்கெனத் தனிக் காப்பீடு விற்கப்பட்டது. 1955 ஏப்ரலில் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பயன் தருவதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அச்சம் குறையக் குறைய அந்தச் சந்தையும் சுருங்கியது.

அதே 1955இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஜான், பால், பில் ஏமஸ் என்னும் மூன்று சகோதரர்கள் ஒரு சிறிய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் அஃப்லாக் என்று அறியப்பட்டது இதுவே. 1958இல் இது புற்றுநோய்க் காப்பீட்டை விற்கத் தொடங்கியது. 1964 முதல் பணியிடங்களில் விற்பதில் கவனம் செலுத்தியது. தவணை சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்பட்டதால், கட்டும் பணம் கண்ணில் அதிகம் படவில்லை. இவ்வகைக் காப்பீடு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஜப்பான்

1970இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜான் ஏமஸ், தெருவில் பலர் முகக்கவசம் அணிந்திருப்பதைக் கண்டு, உடல்நலத்தில் இவ்வளவு கவனமுள்ள மக்கள் இக்காப்பீட்டை வாங்குவர் என்று எண்ணியதாக அந்நிறுவனம் சொல்லிவருகிறது. 1974இல் அங்கு உரிமம் கிடைத்தது.

முதற்பார்வையில் இது பொருந்தாத இடம். ஜப்பானில் 1961 முதலே அனைவருக்கும் பொது மருத்துவக் காப்பீடு உண்டு. மாதச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிகுதியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் 1973இல் வந்துவிட்டது. ஆயினும் விற்பனை பெருகியது. தனி அறைக் கட்டணம் பொதுக் காப்பீட்டில் சேராது. நோயுற்ற காலத்தில் இழக்கும் வருமானம் முழுவதும் ஈடாகாது. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் அங்கு அதிகம். 1981இல் புற்றுநோய் நாட்டின் முதன்மை இறப்புக் காரணமானது. நோயாளியிடம் அந்நோயின் பெயரைச் சொல்லாமல் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்லும் வழக்கம் பரவலாக இருந்த காலம் அது. மருத்துவர் சொல்லத் தயங்கிய பெயரிலேயே காப்பீடு விற்றது வியப்புதான்.

போட்டியின்மையும் உதவியது. ‘மூன்றாம் பிரிவு’ எனப்பட்ட இத்துறையில் பெரிய உள்நாட்டு நிறுவனங்கள் நுழைய நெடுங்காலம் தடை இருந்தது. 1996ஆம் ஆண்டின் அமெரிக்க–ஜப்பான் காப்பீட்டு உடன்பாடும் அதைச் சில காலம் நீட்டித்தது. 2001இல்தான் துறை முழுமையாகத் திறக்கப்பட்டது.

இதற்குள் மருத்துவம் மாறியிருந்தது. பழைய ஒப்பந்தங்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களைக் கணக்கிட்டே பணம் தந்தன. வேதிச்சிகிச்சை வெளிநோயாளர் பிரிவுக்கு நகர்ந்ததும், பல ஆண்டுகள் தவணை கட்டியவருக்குக் கிடைக்கும் தொகை குறைந்தது. நோய் உறுதியானதும் மொத்தமாகப் பணம் தரும் திட்டங்கள் முன்னுக்கு வந்தது இதனால்தான். அவற்றிலும் தொடக்க நிலைப் புற்றுக்குக் குறைந்த தொகை தருவதோ, எதுவும் தராததோ உண்டு. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அமெரிக்காவில் எதிர்ப்பு

1980இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் முதியோர் குழு, கிளாட் பெப்பர் தலைமையில், இவ்வகைக் காப்பீட்டைக் கடுமையாக விமர்சித்தது. முதியோரின் அச்சம் பயன்படுத்தப்படுகிறது என்பதும், கட்டிய பணத்தில் குறைந்த பங்கே இழப்பீடாகத் திரும்புகிறது என்பதும் முக்கியக் குற்றச்சாட்டுகள். நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்கள் அக்காலத்தில் இதன் விற்பனையைத் தடுத்திருந்தன. இதய நோய்க்கு எதுவும் தராத காப்பீட்டுக்குச் செலவிடுவதைவிட அதே பணத்தில் பொதுக் காப்பீட்டை விரிவாக்கலாம் என்ற வாதம் வலுவானது. ஆனால் பொதுக் காப்பீட்டுக்கே உச்சவரம்பு இருந்தவர்களுக்கும், விடுப்பெடுத்தால் கூலி இல்லாதவர்களுக்கும், கையில் வரும் ரொக்கத்தின் மதிப்பு வேறு. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அடிப்படை மருத்துவச் சேவைகளுக்கான வாழ்நாள் உச்சவரம்பை நீக்கியபின், முதல் காரணம் பெரிதும் வலுவிழந்தது. வருமான இழப்பு அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2017 நவம்பரில் தனிப் புற்றுநோய்த் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. காப்பீட்டுத் தொகை 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை. தொடக்க நிலைக்கு அதில் 25 விழுக்காடு வழங்கப்படும். முதல் 180 நாட்களுக்குள் நோய் கண்டறியப்பட்டால் எதுவும் கிடைக்காது.