வண்டலூர் ஹெரால்டும் இறங்காத பெட்ரோல் முள்ளும்



நம் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1961-ல் அங்கிருந்து ஹெரால்டு கார் வரத் தொடங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அங்கே இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்தது நம்மவர்கள். பிறகு 1972-ல் கெசல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. அதோடு சரி.

சேலையூரில் என் பழைய மாணவர் ஒருவர், அவருடைய அப்பா வாங்கிய 1964 ஹெரால்டை இன்றும் ஓட்டுகிறார். போன மாதம் எண்பது வயது அம்மாவோடு கிளம்பியவர், பெட்ரோல் தீர்ந்து உச்சிவெயிலில் நடுரோட்டில் நின்றார். மீட்டர் முள்ளோ 'ஃபுல்' காட்டிக்கொண்டிருந்தது! "மீட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு புதுசு மாட்டச் சொல்றாங்க சார், அப்பா பார்த்துப் பார்த்து ஓட்டின மீட்டர்" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஃபோர்டு மாடல்-டி காரில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. முன்சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அடுத்து வந்த மாடல்-ஏ காரில் டாங்க் டாஷ்போர்டுக்கு முன்னாலேயே இருந்ததால் மிதவையே நேராக அளவைக் காட்டியது. டாங்க் பின்பக்கம் போன வண்டிகளுக்குத்தான் மின்சாரம் தேவைப்பட்டது. ஹெரால்டின் டாங்க் டிக்கியில் இருக்கிறது.

ஆகவே முள் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. டாங்கில் மிதவை ஏறி இறங்கும்போது ஒரு கம்பிச்சுருளின் மின்தடை மாறும்; முள் காட்டுவது அதைத்தான். மிதவை ஓட்டையாகி மூழ்கினால், டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் 'காலி'தான். ஆர்க்கிமிடீஸை மறந்துவிட்டீர்களா?

பழைய மீட்டரில் இரண்டு வகை உண்டு. சாவி போட்டதும் முள் மெதுவாக ஊர்ந்து ஏறினால் அது சூடாகி வளையும் ஈருலோகப் பட்டை வகை. அதில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் மின்னழுத்தம் கொடுக்கும் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இவர் வண்டியிலோ முள் சட்டென்று துள்ளியது. அது இரண்டு காந்தச்சுருள் கயிறு இழுக்கும் வகை. டாங்கிலிருந்து வரும் இணைப்பு விட்டுப்போனால் 'ஃபுல்' பக்கச் சுருளே ஜெயிக்கும். எனவே மீட்டரின் மேல் குற்றமில்லை, டிக்கியில் தேடுங்கள் என்றேன்.

அதேதான். டாங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் திருகுக்கு அடியிலும் சேர்த்து அடித்திருந்தார்கள். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னேன் (பெட்ரோல் பக்கத்தில் ஒரு பொறி போதும்). உப்புத்தாள் தேய்த்து, திருகை இறுக்கி, மறுபடி சாவி போட்டதும் முள் கால் அளவுக்கு இறங்கி நின்றது. செலவு பத்து ரூபாய்.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால், எந்தப் பிரிவில், எந்த வருடம் என்று எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.