கைப்பேசிச் செயலியாக்கத்தில் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் இரு மரபுகள்

கைப்பேசிச் செயலியாக்கம் பயில்வோர் முதலில் கற்கும் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய கருத்தாக்கங்கள் கைப்பேசிக்கென உருவானவை அல்ல. 1960களில் நார்வே கணினி மையத்தில் டாலும் நிகார்டும் போலச்செய்தல் ஆய்வுக்காக வடிவமைத்த சிமுலா மொழியே அவற்றின் தோற்றுவாய். ஆண்ட்ராய்டு ஏற்ற ஜாவாவின் வகுப்புமுறை, சி++ வழியாக அங்கிருந்தே வருகிறது.

ஐபோனின் மரபு வேறு. ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவினர் 1970களில் உருவாக்கிய ஸ்மால்டாக், பொருள்களுக்கிடையிலான செய்திப் பரிமாற்றத்தை மையமாக்கியது. அம்முறையைச் சி மொழியோடு இணைத்த அப்ஜெக்டிவ்-சி, நெக்ஸ்ட் நிறுவனத்தின் வழியே ஆப்பிளை அடைந்து, 2008இல் ஐபோன் செயலிகளின் மொழியாயிற்று.

'பொருள்' என்னும் பெயர் கவனத்தைத் திசைதிருப்பிவிட்டது, செய்திப் பரிமாற்றமே பெருங்கருத்து என்று 1998இல் கே வருந்தினார். வாகனம், மகிழுந்து என மரபுரிமை எடுத்துக்காட்டோடு நின்றுவிடும் அறிமுகப் பாடங்களில் அக்கருத்து இடம்பெறுவது அரிது.