கண்டென்சர், கொள்ளளவி, மின்தேக்கி

மின்விசிறி மந்தமாகச் சுற்றினால் 'கண்டென்சர் வீக் ஆயிருச்சு' என்பார் எலக்ட்ரீசியன். அவர் மாற்றிப் பொருத்தும் சிறு டப்பாவின் மேல் 'கெப்பாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட்' என்று அச்சிட்டிருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது மின்தேக்கி. இலங்கைப் பாடநூலில் கொள்ளளவி.

முதலில் இதற்கு ஊர்ப்பெயர்தான் வாய்த்தது. 1745-46இல் க்ளைஸ்ட் என்பவரும், லெய்டன் நகரப் பேராசிரியர் மூசன்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த கண்ணாடிச் சாடி, லெய்டன் சாடி எனப்பட்டது. மின்சாரத்தை ஒருவகைப் பாய்மமாக அறிஞர்கள் எண்ணிய காலம் அது.

இன்றைய பெயர்களின் வேர் இத்தாலியரான வோல்டாவிடம் இருக்கிறது. உலோகத் தட்டொன்றை மின்சாரத்தை எளிதில் கடத்தாத பரப்பின் மேல் வைத்து, மிக மெல்லிய மின்னூட்டத்தையும் அதில் திரளச் செய்தார். தட்டைத் தூக்கியதும் மின்னழுத்தம் ஏறி, மின்காட்டி அசைந்தது. சிதறிக் கிடந்ததைச் செறியவைத்த அக்கருவியை 1782இல் 'கொண்டென்சதோரே', அதாவது செறிவாக்கி, என்றார். அதற்கு முன்பே, 1778இல், கடத்திகளின் 'கப்பாசித்தா' பற்றியும் எழுதியிருந்தார். அதன் பொருள் கொள்ளும் திறன். ஒருவர் கையாண்ட இரு சொற்களே இரு கிளைகளாயின.

செறிவாக்கிக் கிளை ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளில் இன்றும் தழைக்கிறது. ஆங்கிலம் வழியாக நம் பட்டறைகளுக்கும் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சிக்கல்: நீராவி எந்திரத்தில் ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் உறுப்புக்கும் அதே பெயர். 1920களில் 'கெப்பாசிட்டர்' என்ற புதுச்சொல் புழக்கத்துக்கு வந்தது. குழப்பம் நம்மிடம் இன்னும் தீரவில்லை. ஏசியின் வெளிப்பெட்டியில் வாயுவைத் திரவமாக்கும் குழாய்ச்சுருளும் கண்டென்சர். மோட்டாருக்கான மின் உறுப்பும் பலர் வாயில் கண்டென்சர்தான்.

கொள்ளளவி இரண்டாம் கிளையை ஒட்டிய ஆக்கம். 'எவ்வளவு கொள்ளும்' என்பதே அதன் கேள்வி. மின்தேக்கியோ தமிழ் வினையில் பிறந்தது: தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை, 'இ' விகுதி சேரத் தேக்கி.

தேக்குவது எதை? இரு உலோகத் தட்டுகள், நடுவே மின்காப்புப் பொருள்: அமைப்பு இவ்வளவுதான். ஒரு தட்டில் சேரும் நேர்மின்னூட்டத்துக்குச் சமமான எதிர்மின்னூட்டம் மறுதட்டில் சேர்கிறது. இரண்டையும் கூட்டினால் சுழி. ஆகவே இது மின்னூட்டத்தை நிரப்பி வைக்கும் பாத்திரம் அல்ல. இடைவெளியின் மின்புலத்தில் ஆற்றல் நிற்கிறது, தட்டுகளுக்கிடையே அழுத்த வேறுபாடு நிற்கிறது. அணையும் இப்படித்தான்: அதன் வலிமை இருபுறத்து நீர்மட்ட வேறுபாட்டில் இருக்கிறது. தட்டுகளின் அழுத்த வேறுபாடு, இணைத்த மின்கலத்தின் அழுத்தத்துக்கு ஈடானதும் நேர்மின்னோட்டம் நின்றுவிடும். மாறுமின்னோட்டத்தில் தேக்கமும் வடிதலும் மாறிமாறி நடப்பதால் சுற்றில் ஓட்டம் தொடரும்.

அதனால் மூன்றிலும் மின்தேக்கியே பொருளுக்கு மிக நெருங்கிய பெயர் என்பேன். இணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அழுத்தம் தங்கியிருக்கக்கூடும். முறையாக வடியவிடாமல் தொடக்கூடாது. மாணவருக்கு அந்த எச்சரிக்கையைப் பெயரிலிருந்தே சொல்லித்தரலாம்.